மாப்பிள்ளை ஓட்டக் கூடாது

அண்ணாச்சி, அந்த ஜன்னல் ஓரத்தைக் கொஞ்சம் எனக்கு விட்டுத் தாங்களேன். காத்துக்குக் கேக்கல, போனுக்குக் கேக்கேன். உள்ள தள்ளி உக்காந்தா சிக்னல் ஒரு கோடுதான் காட்டுது. ரொம்பச் சந்தோசம். இவன் மதுரைக்கு எத்தனை மணிக்குப் போவான்? பத்தாகுமா? பத்துக்குப் போயி நான் என்னத்தைச் செய்ய? ஒன்பதுக்கெல்லாம் விட்டுருவாங்களே.

எதை விடுவாங்களா? சைக்கிளை. சைக்கிள் ரேஸு அண்ணாச்சி. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடத்துவாங்களே, அந்த ரேஸு இல்ல. விளையாட்டுக் கோட்டாவுல சென்ட்ரல் கவர்மெண்ட் வேலைக்கு ஆள் எடுக்கிற ரேஸு. என் தம்பி ஓட்டுதான். அதைப் பாக்கப் போறேன்னு நினைக்காதீங்க. நிப்பாட்டப் போறேன். தம்பியை இல்ல, எங்க மாப்பிள்ளையை. என் கூடப் பிறந்த தங்கச்சி புருசன். அந்த மனுசன் இன்னைக்கு என் தம்பிக்கு எதிரா அங்க ரேஸு விடுற கோட்டுல போயி நிக்காரு. சபையில வாக்குக் கொடுத்துட்டு நிக்காரு. கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்துரணும்னுதான் பல்லைத் தேய்ச்ச கையோட பஸ்ஸு ஏறிட்டேன்.

இருங்க, இன்னொரு தடவை அடிச்சுப் பாக்கேன்.

எடுக்கமாட்டேங்கானுவ. ரெண்டு பேரும் எடுக்கமாட்டேங்கானுவ.

நமக்கு ஏரல் பக்கம். வாழை இலை வியாபாரம். அப்பா சீக்கிரமே போயிட்டாங்க. தம்பி சேர்மத்துரையையும் தங்கச்சி ஜெயக்கொடியையும் நான்தான் ஆளாக்கினேன். என் கல்யாணத்தைக் கூடத் தள்ளிப் போட்டேன். சொல்லிக் காட்டுதேன்னு நினைக்காதீங்க, நடந்ததைச் சொல்லுதேன். தம்பிக்குப் படிப்பு ஏறல. ஆனா சைக்கிள்ல உக்காந்தான்னா அவன் வேற ஆளு. திருச்செந்தூர்ல இருந்து அந்தப் பக்கம் சாத்தான்குளம் வரைக்கும் எந்த ஊர்க் கொடைக்கு ரேஸு வச்சாலும் கோப்பை எங்க வீட்டுக்குத்தான் வரும். எங்க வீட்டு ஷோகேஸைத் திறந்தா கோப்பைதான் மேல விழும். அதைத் தவிர அவனுக்கு வேற வேலை கிடையாது. காலையில ஓட்டுவான், சாப்பிடுவான், தூங்குவான், சாயந்தரம் ஓட்டுவான். நானும் விட்டுட்டேன். ஒரு நாள் இதை வச்சே அவனை கவர்மெண்ட் உத்தியோகத்துல உக்கார வச்சிரணும்னு எனக்கு ஒரு வெறி. இலைக் கட்டு தூக்கிற பொழப்பு என்னோட போகட்டும் அண்ணாச்சி.

அப்பதான் இந்தக் கொம்பையா வந்து சேர்ந்தான். அப்ப அவன் இவன்னுதான் சொல்லுவேன், மாப்பிள்ளை ஆகலேல்லா. ஸ்ரீவைகுண்டத்துக்காரன். ஆளைப் பாத்தா ஒல்லியா, பயந்த பய மாதிரி இருப்பான். கோட்டுல நிக்கும்போது கூட யார்கிட்டயும் பேசமாட்டான். கொடி ஆடின உடனே என் தம்பி சக்கரத்தைப் பிடிச்சுக்கிடுவான். சக்கரத்தைப் பிடிக்கிறதுன்னா கையால இல்ல. முன்னால போறவன் பின் சக்கரத்துக்கு ஒட்டினாப்ல தன் முன் சக்கரத்தை வச்சுக்கிட்டு வாரது. முன்னால போறவன் காத்தை உடைப்பான், பின்னால வாரவன் சொகமா வருவான். அப்பப்ப மாறிக்கிடணும், அதுதான் முறை. இவனும் மாறுவான், மாறலேன்னு சொல்லமாட்டேன். ஆனா விடமாட்டான். என் தம்பி எந்திரிச்சு மிதிச்சா அவனும் எந்திரிப்பான். உக்காந்தா உக்காருவான். நான் பைக்ல பின்னாலயே தண்ணி பாட்டிலோட போவேன். 

ஒரு கொடையில கடைசி வளைவு திரும்பும்போது ரெண்டு பேர் கைப்பிடியும் உரசிட்டு. சனம் பூரா எந்திரிச்சு நின்னு கத்துது. பொம்பளையெல்லாம் புள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கத்துதாளுவ. தம்பிதான் ஜெயிச்சான், ஒரு டயரு அகலத்துக்கு. இறங்கின உடனே ரோட்டு ஓரத்துல குனிஞ்சு வாந்தி எடுத்தான். நான் ஓடிப் போயி முதுகைத் தடவுதேன், இவன் சிரிக்கான் அண்ணாச்சி. வாயைத் துடைச்சுக்கிட்டுச் சிரிக்கான். அந்தப் பக்கம் கொம்பையா தரையில மல்லாந்து கிடக்கான், அவனும் சிரிக்கான். எனக்கு நெஞ்சு படபடங்குது, இவனுவளுக்குச் சிரிப்பு வருது. அடுத்த கொடையில கொம்பையா ஜெயிச்சிட்டான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. தம்பி என்னடான்னா ரெண்டு தட்டு சாப்பிட்டான்.

கொம்பையாவை இப்படியே விட்டா நம்ம பய வேலை போயிரும்னு எனக்குப் பட்டுட்டு. அடிச்சு விரட்டவா முடியும்? நாம அந்த மாதிரி ஆளும் இல்ல. யோசிச்சேன். இலைக் கட்டுகளுக்கு நடுவுல உக்காந்து ரெண்டு நாள் யோசிச்சேன். சட்டுன்னு தட்டிச்சு. பய நம்ம ஆளுவதான். சொந்தத்துல சுத்தி வளைச்சுப் பாத்தா முறையும் சரியா வருது. வீட்டுல வயசுக்கு வந்த தங்கச்சி இருக்கா. கட்டிக் கொடுத்துட்டா? மாப்பிள்ளை ஆயிட்டா?

சிரிக்கீங்க பாத்தீங்களா! இதுல இருக்கிற நுணுக்கம் உங்களுக்குத் தெரியுது. மச்சானும் மாப்பிள்ளையும் ஊருக்கு நடுவுல ஒரே கோட்டுல நின்னு முட்டி மோதினா நல்லாவா இருக்கும்? இவன் ஜெயிச்சா பொண்ணு கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளையை அவமானப்படுத்திட்டான்னு பேசுவாங்க. அவன் ஜெயிச்சா பொண்ணு கொடுத்தும் மட்டு மரியாதை இல்லையேன்னு பேசுவாங்க. ரெண்டுல ஒருத்தர் ஒதுங்கித்தானே ஆகணும்? பூ வைக்கிற அன்னைக்கு எங்க பெரியப்பாவை விட்டு இதைச் சபையில பேச வச்சேன். “மாப்பிள்ளை இனிமே கொடை ரேஸுல ஓட்டக் கூடாது, குடும்பத்துக்கு அழகில்ல”ன்னு பெரியப்பா சொன்னாங்க. கொம்பையா கையில காப்பித் தம்ளரு இருந்துச்சு. அதைக் கீழ வச்சான். என் தம்பியைப் பாத்தான். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பெறகு கொம்பையா எங்க ஜெயக்கொடி நின்ன பக்கம் ஒரு பார்வை பாத்தான். “சரி மாமா”ன்னுட்டான். அவ்வளவுதான், ஒரு வார்த்தையில முடிஞ்சு போச்சு.

ஜெயக்கொடி மட்டும் அன்னைக்கு அடுப்படியில வச்சு என்னைக் கேட்டா. “அண்ணே, இந்தக் கல்யாணத்தை எனக்குப் பண்ணுதியா, சைக்கிளுக்குப் பண்ணுதியா?”

“ஏம்ளா, பயலைப் பிடிக்கலையா உனக்கு?”

“பிடிக்கலேன்னு நான் சொன்னேனா? கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

பொம்பளைப் புள்ளைக்கு என்ன பதில் சொல்ல? பிடிச்சிருக்குல்லா, பெறகு என்ன. சும்மா சொல்லக் கூடாது, நல்லா வச்சிருக்காரு. குடி கிடையாது, ஒரு சுடுசொல் கிடையாது. மோட்டார் ரிப்பேர்க் கடையில சம்பளத்துக்கு இருந்தாலும் அவளை ராணி மாதிரிதான் வச்சிருக்காரு. நான் யாருக்கும் கெடுதல் பண்ணல அண்ணாச்சி. ஒரே கல்யாணத்துல தங்கச்சிக்கும் வழி பண்ணினேன், தம்பிக்கும் வழி பண்ணினேன்.

அடிச்சுப் பாக்கேன் இருங்க. இது எந்த ஊரு? எட்டயபுரம் தாண்டிட்டா? மணி எட்டே முக்காலு. டிரைவரு என்ன, மாட்டு வண்டியா ஓட்டுதாரு?

எடுக்கல.

சரி, கேளுங்க. அதுக்குப் பெறகு என் தம்பி தனிக்காட்டு ராஜா. எங்க போனாலும் ஜெயிச்சான். எப்படி ஜெயிச்சான்னா, இவன் வந்து சேர்ந்து குளிச்சு முடிச்சு வேட்டி மாத்தின பெறகுதான் ரெண்டாவது ஆளு தலையே தெரியும். எனக்கு எவ்வளவு பெருமை! ஆனா ஊர்க்காரனுவ புத்தியைக் கேளுங்க. ஒரு ஊர் கமிட்டியில சேர்மத்துரை வந்தா மத்த பயலுவ பேர் கொடுக்கமாட்டேங்கானுவன்னான். இன்னொரு ஊர்ல, மத்தவங்க புறப்பட்டுப் போன பெறகு உங்க தம்பியைக் கடைசியா விடுதோம்னான். நான் சண்டைக்குப் போயிட்டேன். இன்னொரு ஊர்ல நைசா சால்வையைப் போத்தி, நீங்க சிறப்பு விருந்தினரு, மேடையில இருங்க தம்பின்னு உக்கார வச்சிட்டான். ரேஸு ஓடிக்கிட்டு இருக்கு, என் தம்பி மேடையில மாலையோட உக்காந்து கலர் சோடா குடிக்கான். சனமும் முன்ன மாதிரி நிக்கிறதில்ல. யார் ஜெயிப்பான்னுதான் தெரியுமேன்னு மாட்டு வண்டிப் பந்தயம் பாக்கப் போயிருது. பொறாமை அண்ணாச்சி. ஒருத்தன் மேல வந்தா நம்ம சனத்துக்குப் பொறுக்காது.

அவனும் ஒரு மாதிரி ஆயிட்டான். சாப்பாடு குறைஞ்சு போச்சு. விடிஞ்சும் படுத்துக் கிடப்பான். “ஏல, ஓட்டப் போகலையா?”ன்னா, “ஓட்டினாலும் ஓட்டாட்டாலும் ஒண்ணுதாண்ணே”ம்பான். ஜெயிக்கிறவனுக்கு வாரத் திமிருன்னு நான் நினைச்சேன்.

இதுக்கு நடுவுலதான் போன வருசம் இந்த வேலைக்கு ஆள் எடுத்தானுவ. மதுரையில இதே ரோட்டுலதான். எல்லாரையும் ஒண்ணா விடுவானுவ. ஆனா முதல்ல வந்தா மட்டும் பத்தாது. இத்தனை நிமிசத்துக்குள்ள வரணும்னு ஒரு கணக்கு வச்சிருக்கான். அதுக்குள்ள வந்தவனுவள்ல முதல் ஆளுக்குத்தான் வேலை. என் தம்பி முதல்ல வந்தான். வெளிமாவட்டத்துக்காரன் எத்தனை பேர் வந்திருந்தான்! ஒருத்தனும் கிட்டயே வரல. இவன் ஒத்தையில வாரான், எதிர்க் காத்து பேய் மாதிரி அடிக்கி. நான் கோட்டுல நின்னு கையைத் தட்டுதேன். வந்து இறங்கினான். வாந்தி இல்ல, மூச்சு வாங்கல, வேர்வை கூட அளவாத்தான் இருந்துச்சு. அந்த ஆபீசரு கடியாரத்தைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குதான். டைமு கூடிப் போச்சாம். அரை நிமிசமாம். வேலை கிடையாதாம்!

என்ன நியாயம் அண்ணாச்சி இது? முதல்ல வந்தவனுக்கு வேலை இல்லேன்னா பெறகு யாருக்குத்தான் வேலை? நான் விடல. அந்த ஆபீசரு சட்டையைப் பிடிக்காத குறை. உங்க கடியாரம் சரியில்லைன்னேன். காத்துக்குக் கழிவு கொடுங்கன்னேன். அந்த ஆளு பொறுமையா, “தம்பி நல்லா ஓட்டுதாரு, ஆனா அவரை அழுத்துற மாதிரி கூட ஒரு ஆள் இருந்திருந்தா உள்ள வந்திருப்பாரு”ங்கான். கூட ஆள் இருந்தா எப்படிங்க சீக்கிரம் வருவான்? போட்டி இல்லேன்னாத்தானே நல்லா ஓட்ட முடியும்? படிச்ச ஆளு பேச்சா இது? 

திரும்பி வரும்போது பஸ்ஸுல தம்பி சொல்லுதான், “அண்ணே, பாதி தூரத்துக்கு மேல யாரையும் காணோம். பெறகு காலு மிதிக்க மாட்டேன்னுட்டு.”

“வேலைக்காக மிதிக்க வேண்டியதுதானல?”

“வேலைய நினைச்சா காலு வராதுண்ணே”ங்கான். இவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

அதுக்குப் பெறகு ஞாயித்துக்கிழமை ஆனா தங்கச்சி வீட்டுக்குப் போக ஆரம்பிச்சான். சைக்கிள்லயே போவான், பொழுது சாயத்தான் வருவான். முகம் தெளிஞ்சு வருவான், பசின்னு வருவான். ஜெயக்கொடி மீன் குழம்பு நல்லா வைப்பா, அதுக்குப் போறான்னு நானும் விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில அவ மதுரையில இருந்து போன் பண்ணித்தானே எனக்கு எல்லாம் தெரியும்! ஆறு மாசமா ரெண்டு பேரும் ஆத்தங்கரை ரோட்டுல ஒருத்தனை ஒருத்தன் துரத்திக்கிட்டு ஓட்டியிருக்கானுவ. இன்னைக்கு மாப்பிள்ளையும் ஓட்டுதாராம். என் தம்பியே கெஞ்சிக் கூட்டிட்டுப் போயிருக்கானாம். எதிராளியைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போறவனைப் பாத்திருக்கீங்களா நீங்க?

“வாக்குக் கொடுத்தாருல்லா”ன்னேன். 

“அது கொடை ரேஸுக்கு. அதுவும் நீ வாங்கின வாக்கு, நான் கேக்கல”ங்கா.

“இருக்கிறது ஒரே ஒரு இடம்ளா. உன் புருசன் ஜெயிச்சிட்டா?”

“ஜெயிச்சா ஜெயிக்கட்டும். சின்ன அண்ணனே அதைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.”

தம்பிக்கு இந்த வருசமும் அடுத்த வருசமும்தான். பெறகு வயசு தாண்டிரும், எவனும் சேக்கமாட்டான். இதுல போயி விளையாடுதான் பாருங்க.

இருங்க, போன் அடிக்கி! அவதான். 

ஏம்ளா, எங்க இருக்க? கோட்டுலயா? விட்டுட்டானா? சண்டாளி, நான் வாரதுக்குள்ளயா? ஓடிப் போயி உன் புருசனை நிப்பாட்டு! ... நிப்பாட்டமாட்டியா? ஏன்?

விட்டுட்டானாம் அண்ணாச்சி. மூணு சுத்தாம். ஒரு சுத்து முடிஞ்சுட்டாம். இவனுவ ரெண்டு பேர் மட்டும் தனியா முன்னால வந்துட்டானுவளாம், மத்தவன்லாம் எங்கயோ கிடக்கானாம். 

யாரு முன்னால? மாறி மாறியா? மாறி மாறி வாரானுவளாம். தம்பி மூஞ்சி எப்படி இருக்கு? பல்லைக் கடிச்சுக்கிட்டா? உன் புருசன்? அவரும் பல்லைக் கடிக்காராக்கும். அதை எனக்கு எதுக்குச் சொல்லுத? கத்துளா, “மாப்பிள்ளை மெதுவா”ன்னு கத்து. காது கேக்காதுன்னா கையைக் காட்டு!

வச்சிராத, வச்சிராத. கண்டக்டரு அண்ணே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ரெண்டாவது சுத்தும் முடிஞ்சுட்டாம். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு விரக்கடை கூட இல்லையாம். அந்த ஆபீசரு கடியாரத்தைப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னுட்டானாம். போன வருசத்து ஆளுதான். அவன் ஏன் எந்திரிக்கான்? பத்து வருசமா தூக்கின இலைக் கட்டு பூரா இப்ப தலையில வந்து உக்காந்த மாதிரி இருக்கு. 

ஜெயக்கொடி? ஜெயக்கொடி, பேசுளா. என்ன சத்தம் அது? சனம் கத்துதா? யாரை? ரெண்டு பேரையுமா? வாரானுவளா? எந்திரிச்சிட்டானா? சேர்மா, மிதிடா! மிதிடா ராசா, விட்டுராத!

மன்னிச்சிருங்க அண்ணாச்சி, பஸ்ஸுன்னு மறந்துட்டேன்.

என்னளா? அழுதியா சிரிக்கியா? ஒழுங்கா சொல்லு. யாரு?

மாப்பிள்ளை.

ஒரு டயரு. ஒரே ஒரு டயரு அகலம்.

ரெண்டு பேருமே டைமுக்குள்ள வந்துட்டானுவளாம். நல்லா உள்ள வந்துட்டானுவளாம். வந்து என்ன செய்ய? இடம் ஒண்ணுதானே இருக்கு. வேலை அவருக்குப் போச்சு. முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. நானே மாப்பிள்ளை மோதிரம் போட்டுக் கூட்டிட்டு வந்த ஆளு என் தம்பி சோத்தைத் தட்டிப் பறிச்சிட்டுப் போயிட்டாரு. வேண்டாம், தண்ணி வேண்டாம்.

தம்பி பேசுதானாம். கொடு.

என்னல? ... வாந்தி எடுத்தியா? பெறகு என்னத்துக்குச் சிரிக்க? ... சிரிக்கான் அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கிட்டுச் சிரிக்கான். இப்படி ஒரு ஓட்டு நான் பிறந்ததுல இருந்து ஓட்டினதில்லண்ணேங்கான். டைமுக்குள்ள வந்துட்டேன், நானும் வந்துட்டேன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுதான். அடுத்த வருசம் கண்டிப்பா வாங்கிருவேங்கான். எப்படில வாங்குவ? வெறும் வாயில பந்தலா போடுத? ... மாப்பிள்ளை கூட இன்னும் ஒரு வருசம் ஓட்டினா வாங்கிருவியாக்கும்.

இரு. இரு இரு. போனை உன் தங்கச்சிகிட்ட கொடு. ஜெயக்கொடி, வேலை எந்த ஊர்லயாம்? கேட்டியா? ... அஸ்ஸாமா? எப்ப போகணுமாம்? அடுத்த மாசமேவா? நீயும் கூடப் போறியா? போ, போ, மகராசியாப் போயிட்டு வா. தம்பிகிட்ட கொடு.

ஏல சேர்மா, கேட்டியா? உங்க மாப்பிள்ளை அஸ்ஸாம் போறாராம்ல! வேலை கிடைச்சவர் பெறகு இந்தப் பக்கம் எதுக்குல வாராரு? இந்த மாவட்டத்துல உன் பக்கத்துல வர வேற எவன் இருக்கான்? சொல்லு, ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்! இல்லேல்லா? அடுத்த வருசம் வேலை உனக்குத்தான்ல, எழுதி வச்சுக்க!

அலோ. ஏல. அலோ?

லைன் இருக்கு அண்ணாச்சி, மூச்சு விடுறது கேக்கு. பேச்சுத்தான் இல்ல. சிரிச்சுக்கிட்டு இருந்த பய கப்புன்னு அடங்கிட்டான். சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சு போல. எனக்கே அப்படித்தானே இருக்கு! நான் ஒரு மடையன், இவ்வளவு நேரம் அழுது புலம்பிட்டு வந்தேன். கடவுளாப் பாத்து வழியை ஒழுங்கு பண்ணிக் கொடுத்திருக்காரு.

நீங்க என்ன அண்ணாச்சி என்னை அப்படிப் பாக்கீங்க? என்னமோ சொல்ல வந்தீங்களே? சரி, பெறகு சொல்லுங்க. பந்தல்குடி வந்துட்டு, நான் இப்படியே இறங்கி ஊருக்குத் திரும்புதேன். இனி மதுரைக்குப் போயி யாரை நிப்பாட்ட? அடுத்த வருசம் பேப்பர்ல பாருங்க, சேர்மத்துரைன்னு போட்டிருக்கும். அன்னைக்கு அந்த ரோட்டுல அவனுக்கு எதிர்க்க ஒரு ஈ காக்கா இருக்காது.